என்ன கோளாறு என்று சொல்லுங்கள்: விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டிஜிசிஏ அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். விமானம் ஓட்டவும் தெரியாது, பழுது பார்க்கவும் தெரியாது. டிக்கெட் எடுத்து ஏறி உட்காரத் தெரியும். விபத்து விசாரணை அறிக்கைகளைத் தேடித் தேடிப் படிக்கிற பழக்கமும் உண்டு. வீட்டில் இதற்குத் திட்டு வாங்குவது தனிக்கதை. இந்தத் தகுதிகளை வைத்துக்கொண்டு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ "தொழில்நுட்பக் கோளாறு" என்பதோடு நிறுத்திக்கொள்ள விமான நிறுவனங்களை விடாதீர்கள். என்ன கோளாறு, அதே விமானத்தில் அது முன்பு எத்தனை முறை வந்தது, இரண்டையும் பயணிக்குச் சொல்ல வையுங்கள்.

எங்கள் ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. காமலாபுரம் விமான நிலையம் 1993இல் வந்தது. அதற்குப் பிறகு விமானம் வந்த வருஷங்களைவிட வராத வருஷங்களே அதிகம். 2018இல், சிறு ஊர்களுக்கு விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில், சென்னைக்கு ஏடிஆர் என்கிற புரொப்பல்லர் விமானம் ஒன்று பறந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடியும் சேவை தொடங்கியது. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். இங்கே அடுத்தது என்றால் பெரும்பாலும் நாளைக்குத்தான். மாற்று விமானம் நிறுத்தி வைக்கிற ஊர் இல்லை இது. உதிரி பாகமும் வெளியூரிலிருந்து வர வேண்டும். ரத்து என்று சொன்னதும் அவசரக்காரர் டாக்ஸி பிடிக்கிறார். மற்றவர்கள் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் கரண்ட் புக்கிங் இடம் இருக்கிறதா என்று செல்போனைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள்.

போன தை மாதம் அப்படி ஒரு காத்திருப்பில் ஆத்தூர்க்கார அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் பிரசவத்துக்காக முதல் தடவையாக விமானம் ஏறுகிறார். வெளியே ஏடிஆர் 72 நின்றிருந்தது. இன்ஜின் சத்தம் கேட்டது, ஆனால் இரண்டு பக்கமும் புரொப்பல்லர் சுற்றவில்லை.

"ஏங்க, சத்தம் மட்டும் வருது, காத்தாடி சுத்தலையே. இதத்தான் கோளாறுங்கறாங்களா?"

"இல்லீங்கம்மா, அது அப்படித்தான். பிரேக் போட்டுப் புடிச்சு வச்சிருக்காங்க."

உண்மையும் அதுதான். தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் கொடுக்க, ஜெட் விமானங்களின் வாலில் ஒரு குட்டி இன்ஜின் இருக்கும். ஏடிஆரில் அது கிடையாது. வலது பக்க இன்ஜினை ஓடவிட்டு, அதன் புரொப்பல்லரை மட்டும் பிரேக்கில் பிடித்து வைப்பார்கள். ஹோட்டல் மோட் என்று பெயர். இதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. அடுத்த கேள்வியை உடனே போட்டார்: "அப்ப எதுங்க கோளாறு?"

என்னிடம் பதில் இல்லை. கவுன்ட்டரில் இருந்த தம்பியிடமும் இல்லை. பாவம், அவருக்கும் அந்த இரண்டு சொல்லைத்தான் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அந்த இரண்டு சொல்லுக்குள் எதெல்லாம் அடங்குகிறது என்று ஏர்பஸ் ஏ320 ரகத்தை வைத்துச் சொல்கிறேன். இன்று நம் நாட்டில் அதிகம் பறக்கிற குடும்பம் அதுதான். 1988இல் சேவைக்கு வந்தது. விமானியின் கை அசைவை டிஜிட்டல் கணினி வாங்கி இறக்கைக்கும் வாலுக்கும் கட்டளை கொடுக்கிற முதல் பயணிகள் விமானம். பறப்பைக் கட்டுப்படுத்த மட்டும் ஏழு கணினிகள்: இறக்கையையும் வாலையும் அசைக்கிற ஈலாக் இரண்டு, செக் மூன்று, வாலில் இருக்கிற சுக்கானைப் பார்த்துக்கொள்கிற ஃபேக் இரண்டு. ஓட்டுகிறவர்கள் மத்தியிலேயே இந்த விமானத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. காரணம் புரியாமல் ஒரு எச்சரிக்கை வரும். அந்தக் கணினியை அணைத்து மறுபடியும் போட்டால் போய்விடும். எதை எப்போது அணைத்துப் போடலாம் என்று தயாரிப்பாளரே பட்டியல் கொடுத்திருக்கிறார்.

இதில் பாதி விளையாட்டுச் சமாச்சாரம். ஏ320இல் ஏறியவர்களுக்குத் தெரியும், கிளம்பும் முன் காலடியில் நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். திரவ அழுத்தத்தில் இயங்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளில் பச்சை, மஞ்சள் என்று இரண்டு உண்டு. ஒன்றில் அழுத்தம் குறைந்தால் மற்றதன் பலத்தை எடுத்து ஈடுகட்டுகிற பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட் போடுகிற சத்தம் அது. ஒற்றை இன்ஜினில் ஓடுபாதைக்கு உருளும்போது நன்றாகவே கேட்கும். பழுது ஒன்றும் இல்லை.

மறு பாதி விளையாட்டு இல்லை. 2014 டிசம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய ஏர்ஏசியா 8501 கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். அதுவும் ஏ320தான். சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று வரம்பு கட்டுகிற கருவி ஒன்று உண்டு. அதன் மின்னணு அட்டையில் பற்றவைத்த இடத்தில் மெல்லிய விரிசல். தரையில் ஒரு சூடு, மேலே ஒரு குளிர், மாறி மாறிப் பட்டு அந்த விரிசல் சில நேரம் தொடும், சில நேரம் விடும். அந்த ஒரு வருஷத்தில் அதே விமானத்தில் அதே கோளாறு 23 முறை பதிவாகியிருந்தது என்கிறது விசாரணை அறிக்கை. கடைசி மாதங்களில் நெருக்கி நெருக்கி வந்திருக்கிறது. பெரும்பாலும் கணினியை அணைத்துப் போட்டு, சோதித்து, சரியாக இருக்கிறது என்று பறக்க விட்டிருக்கிறார்கள்.

அறிக்கையில் என்னைத் தூங்கவிடாத இடம் வேறு. விபத்துக்கு மூன்று நாள் முன்பு அதே விமானம் தரையில் நின்றபோது அதே எச்சரிக்கை வந்தது. டெக்னீஷியன் ஃபேக் கணினியின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துப் போட்டுச் சரிசெய்ததை கேப்டன் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். 28ஆம் தேதி நடுவானில் நாலாவது தடவையாக எச்சரிக்கை வந்ததும் அங்கேயும் அந்த பிரேக்கரில் கை வைக்கப்பட்டது. ஆட்டோபைலட் விலகியது, விமானம் இடப்பக்கம் 54 டிகிரி வரை சாய்ந்தது, மேலே ஏறியது, தூக்குவிசையை இழந்தது. சமாளித்த விதத்தில் விமானிகள் பங்கும் உண்டு, அறிக்கை அதை மறைக்கவில்லை. ஆனால் சுக்கான் வரம்புக் கருவியின் எச்சரிக்கை தன்னளவில் விமானத்தை விழ வைக்கிற ரகமே இல்லை. சின்னக் கோளாறு என்று 23 தடவை விட்டதுதான் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

எங்கள் பட்டறையில் ஒரு கொலுசு ஒரே இடத்தில் இரண்டாவது தடவை விட்டு வந்தால் சீட்டில் எழுதி வைப்போம். மூன்றாவது தடவை பற்றவைக்க மாட்டோம், அந்தக் கண்ணியையே வெட்டி எடுத்துவிட்டு வேறு போடுவோம். அறுந்தால் போவது ஐம்பது கிராம் வெள்ளி.

மீண்டும் மீண்டும் வரும் கோளாறுகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் விதிகளிலேயே அதற்கு இடம் இருக்கிறது. என் குறை, அந்தக் கணக்கு வெளியே வருவதில்லை என்பது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு சொன்னார்கள்: விமான நிறுவனங்கள் தெரிவித்த தொழில்நுட்பக் கோளாறுகள் 2023இல் 448, 2024இல் 421. குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்த 421இல் ஒரே விமானத்தில் ஒரே பாகத்தில் வந்தவை எத்தனை? அது தெரியாமல் மொத்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சொன்னால் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று ஒரு பதில் தயாராக இருக்கும். ஆத்தூர் அம்மா பயந்தது தெரியாதபோதுதான்.

காரணமே கண்டுபிடிக்க முடியாத கோளாறு என்றால் எதைச் சொல்வது என்றும் கேட்பீர்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றே சொல்லலாம், தப்பில்லை. 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் போன குவான்டாஸ் 72, ஒரு ஏ330, நடுவானில் தானாக இரண்டு முறை மூக்கைத் தாழ்த்தியது. நூறு பேருக்கு மேல் காயம். வேகம், உயரம், சாய்வு போன்ற தகவல் கொடுக்கும் மூன்று கருவிகளில் ஒன்று பொய்யான எண்களை அனுப்பியிருந்தது. ஆஸ்திரேலிய போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு மூன்று வருஷம் விசாரித்தது. அந்தப் பொய் எண்களை நம்பிய கணினியின் வடிவமைப்புக் குறையைக் கண்டுபிடித்தார்கள், அது திருத்தப்பட்டது. ஆனால் கருவி எதனால் தடம் புரண்டது என்பது கடைசிவரை தெரியவில்லை. அதை அப்படியே 2011இல் எழுதி வெளியிட்டார்கள். அதைப் படித்த பிறகு எனக்கு அந்த அமைப்பின் மேல் மதிப்பு கூடியது.

2025 நவம்பரில் ஏர்பஸ் செய்ததும் அதுபோலத்தான். கடுமையான சூரியக் கதிர்வீச்சு ஈலாக் கணினியின் தகவலைக் கெடுக்கக்கூடும் என்று சொல்லி, உலகம் முழுக்க சுமார் 6000 ஏ320 ரக விமானங்களுக்கு அவசரத் திருத்தம் கேட்டது. வெயில் அடித்து விமானம் கெடுமா என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஏறித்தான் போனார்கள்.

நஷ்டஈடு பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவனத்தின் கையை மீறிய காரணமா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் பயணிக்குப் பணம். ஐரோப்பிய நீதிமன்றம் 2008லேயே, வழக்கமான இயக்கத்தில் வரும் தொழில்நுட்பப் பழுது அசாதாரணச் சூழ்நிலை ஆகாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. இங்கே கோளாறு எது என்று தெரியாத பயணி எதை வைத்து வாதாடுவார்?

இன்னொன்று. பாதி வழியில் திரும்பி வந்த விமானியையோ, கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்ற இன்ஜினீயரையோ யாரும் குறை சொல்லக் கூடாது. இந்தக் கடிதத்தை அதற்குப் பயன்படுத்தவும் கூடாது. தாமதமானால் காத்திருக்கத் தயார்.

நான் கேட்கும் அறிவிப்பு இவ்வளவுதான், தமிழில்: "இடது இன்ஜினின் ஆயில் பிரஷர் சென்சார் பழுது. இந்த விமானத்தில் இந்த மாதம் இது இரண்டாவது முறை. புது சென்சார் பெங்களூரிலிருந்து வருகிறது. மதியம் 2 மணிக்கு முன் கிளம்பாது." இதைக் கேட்டால் காத்திருப்பதா, டாக்ஸி பிடிப்பதா என்று அவரவர் முடிவு செய்துகொள்வார்கள். கூடவே, திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை விமானத்தின் பதிவு எண்ணோடு மாதம் ஒரு முறை உங்கள் இணையதளத்தில் போடுங்கள்.

நகலை சேலம் விமான நிலைய ஆலோசனைக் குழுவுக்கும் அனுப்புகிறேன். பதில் தமிழில் வந்தால் நல்லது, ஆங்கிலத்தில் வந்தாலும் சமாளிப்பேன். இந்தியில் வந்தால் எங்கள் தெரு சேட்டு கடையில்தான் கொடுத்துப் படிக்க வேண்டும். அவருக்கும் அடிக்கடி சென்னை விமானம் ரத்தாகிறது, ஆர்வமாகவே படிப்பார்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரன்,
சேலம்.