ஊரூர் குப்பத்துச் சேதி

பெசன்ட் நகர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியைப் படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுது.

எலியட்ஸ் பீச் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி நிறுத்தக்கூட இடமில்லை. 1930இல் அலையில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

நம் பேட்டையின் கதை என்றாலே அன்னி பெசன்ட், வீட்டு வசதி வாரியம், அஷ்டலட்சுமி கோயில் என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். வாரியம் மனை பிரிப்பதற்குப் பல தலைமுறை முன்பே ஊரூர் குப்பத்தில் மீன் பிடித்தவர்களை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லையடா. இப்போது கட்டுமரம் அபூர்வம், எல்லாம் ஃபைபர் படகுதான். ஆனாலும் விடியலில் கரையில் நின்று, தண்ணி வன்னியா தெண்டியா, அதாவது வடக்கிலிருந்து ஓடுகிறதா தெற்கிலிருந்தா என்று பார்த்துவிட்டுத்தான் வலையை எங்கே விடுவதென்று முடிவு செய்கிறார்கள். கடலோரமாகவே சாலை போடலாம் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும். சாலை வந்தால் படகை எங்கே ஏற்றுவார்கள், வலையை எங்கே உலர்த்துவார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகும் இந்தக் கரையை விட்டுப் போகாதவர்கள் அவர்கள்.

ஆமைகளுக்கும் இதே கரைதான் பிறந்த வீடு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. வலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. அதைப் பார்த்த பிறகு சில நாள் அந்தப் பக்கம் போகவே மனம் வரவில்லை. ஆனால் ஆமை முட்டைகளைக் காப்பாற்ற 1988இல் மாணவர்கள் தொடங்கிய இரவு நடை நிற்கவில்லை. நீலாங்கரையிலிருந்து மணலில் நடந்து வருகிறார்கள். ஆமை ஏறி வந்த தடம், டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு கோடு, தெரிந்தால் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, கையால் தோண்டி, நூறு முட்டைக்கு மேலேகூட எடுக்கிறார்கள். அப்படியே விட்டால் நாய் தின்றுவிடும். தப்பிப் பொரித்த குஞ்சும் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஓடும். நம் தெருவிளக்கை நம்பி ரோட்டுக்கு வந்தால் என்ன கதி? அதனால் வேலி போட்ட இடத்தில் புதைத்து, சுமார் 45 நாளில் பொரித்ததும் கடலில் விடுகிறார்கள்.

மாசி, பங்குனியில் வா. ராத்திரி அவ்வளவு தூரம் நடக்க முட்டி ஒத்துழைக்காவிட்டால், குஞ்சு விடும் சாயங்காலமாகப் பார்த்து வரலாம். ஒரு வாரம் முன்பே சொல், மேல் அறையைக் காலி செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்