ஆண்டறிக்கை: பத்துக் கூட்டங்களும் ஒரு பெருங்காய டப்பாவும்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கோவை வெயிலையும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய நம் தேநீர்ச் சங்கம் செய்ததை அவையின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கை இரண்டே பக்கம், அதிலும் ஒரு பக்கம் நன்றியுரை என்று தலைவர் குறைப்பட்டார். இந்த முறை சொல்ல நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி நாம் செய்த தவறுகள்.

ஆண்டுத் தொடக்கத்தில் 31 பேர் இருந்தோம். நான்கு பேர் வெளியூர் போனார்கள், பதினோரு பேர் சேர்ந்தார்கள், இப்போது 38. மாதம் ஒரு கூட்டம் என்று திட்டமிட்டு, பத்துதான் நடந்தது. தீபாவளி மாதத்தில் யாரும் வரவில்லை. மே மாதம் செயலாளருக்கே காய்ச்சல்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் கடை டீ எதிர்ப்பாளர்கள் அல்ல. கூட்டம் முடிந்ததும் நம்மில் முக்கால்வாசிப் பேர் நேராகப் போவது முக்குக் கடைக்குத்தான். அங்கே கிடைப்பது டஸ்ட் தூள். இலையைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுக்கும் சி.டி.சி. முறையில் வந்தது. 1930-களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் கொண்டுவந்த அந்த இயந்திரம்தான் இந்தியாவின் டீயையே மாற்றியது. தூள் பொடியாக இருப்பதால் சட்டென்று சாயம் இறங்கும், பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடு கொடுக்கும். நாம் இங்கே பார்ப்பது முழு இலையை. வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஒன்றும் சேர்க்காமல் குடித்துப் பார்க்கிறோம். அப்புறம் சண்டை போடுகிறோம்.

இந்த ஆண்டு நாங்கள் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கெல்லாம் இலையைக் குறை சொன்னோமோ, அங்கெல்லாம் குறை நம் கையில் இருந்தது.

முதல் கூட்டத்திலேயே அது தெரிந்தது. ஒரே நீலகிரி இலையை ஐந்து பேர் அவரவர் வீட்டு வழக்கப்படி போட்டார்கள். ஐந்தும் ஐந்து டீ. ஒருவர் இலையைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டார். ஒருவர் இரண்டு சிட்டிகை போட்டு, அரை நிமிடத்தில் வடித்து, “இதுக்கா இவ்வளவு விலை?” என்றார். அன்றைக்கே சங்கத்துக்கு ஒரு சின்னத் தராசு வாங்கத் தீர்மானம் போட்டோம். தேநீர்ச் சுவை பார்ப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச அளவுமுறை இருக்கிறது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கும் தண்ணீர், ஆறு நிமிடம். இது நல்ல டீ போடும் வழி அல்ல. எல்லா இலையையும் ஒரே தட்டில் நிறுத்தி ஒப்பிடும் வழி. ஆறு நிமிடத்தில் இலையின் நல்லதும் கெட்டதும் வெளியே வந்துவிடும். இதற்கு மூலமான பிரிட்டிஷ் அளவுமுறை ஒரு டீ போட ஆறு பக்கம் எழுதியதற்காக, 1999-இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்ற கேலிப் பரிசை வாங்கியது. நம் பொருளாளர் அதைக் கேட்டுச் சிரித்தவர்தான், இப்போது தராசைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு வருகிறார்.

ஜூன் கூட்டம் தண்ணீருக்கு. சிறுவாணித் தண்ணீர் பற்றி நம் ஊரில் எல்லோரும் பேசும் பெருமையை நான் அதுவரை பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிறுவாணி வரும் தெருவிலிருந்து ஒரு குடம், போர்வெல் தண்ணீர் மட்டுமே உள்ள அடுக்ககத்திலிருந்து ஒரு குடம், ஆர்.ஓ. கேன் ஒன்று. மூன்றிலும் ஒரே இலை, ஒரே நிறை, ஒரே நேரம். எது எதில் போட்டது என்று தலைவரின் மனைவிக்கு மட்டுமே தெரியும். போர்வெல் தண்ணீரை யாரும் குடித்துப் பார்க்கக்கூடத் தேவை இருக்கவில்லை. நிறம் மங்கிப்போய், மேலே எண்ணெய் படிந்தது போல ஒரு மெல்லிய ஏடு. அது எண்ணெய் அல்ல. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து டீயோடு சேர்ந்து கட்டும் ஏடு. அந்த அடுக்கக உறுப்பினர் மூன்று வருடமாகத் தன் டீக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தவர், முகம் சுண்டிவிட்டது. ஆர்.ஓ. தண்ணீரில் நிறம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனால் சுவை தட்டை. உப்பில்லாத சோறு மாதிரி என்று ஒருவர் சொன்னது சரியாகவே பட்டது. சிறுவாணிக்குப் பெரும்பான்மை. இரண்டு பேர் ஆர்.ஓ.வுக்கு வாக்களித்தார்கள், அவர்கள் பெயரைக் குறிப்பில் எழுதவில்லை.

பச்சைத் தேயிலைக் கூட்டம் சூட்டுக்கு. சீனாவின் ஹாங்சோ பக்கத்து லோங்ஜிங் இலை, கொஞ்சமே வந்தது. முதல் தடவை வழக்கம்போலக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்த மாதிரி. வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் வெப்பமானியை எடுத்தார். இந்த இலைக்கு 75-இலிருந்து 80 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் துவர்ப்பும் கசப்பும் விறுவிறுவென்று இறங்கிவிடும் என்றார். டிகிரி காட்டும் கெட்டில் நம்மிடம் இல்லை. ஆனால் நமக்கு ஆற்றத் தெரியுமே! கொதித்த தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு மூன்று முறை ஆற்றினால் 80-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நான்கு முறை அளந்து பார்த்துவிட்டோம். அந்தத் தண்ணீரில் போட்டபோது, இப்போதுதான் வறுத்தெடுத்த பாசிப்பருப்பின் வாசம். இலையைக் கடாயில் போட்டு வறட்டுவதால் வரும் மணம் அது. ஜப்பானில் வறட்டாமல் ஆவியில் அவிக்கிறார்கள். அதனால்தான் செப்டம்பரில் குடித்த செஞ்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேநீர், கடற்பாசி வாசம் என்று சிலரை முகம் சுளிக்க வைத்தது. எனக்குப் பிடித்தது. சிறுபான்மை.

ஊலாங், அதாவது பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகை, அந்தக் கூட்டத்தைப் பற்றி நீட்ட மாட்டேன். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்து அன்ஷி ஊரின் தியேகுவான்யின் இலை. சுண்டைக்காய் வற்றல் போல உருண்டிருந்த இலை, மூன்றாவது தண்ணீரில் முழு இலையாக விரிந்தது. சின்ன மூடிக் கிண்ணத்தில் நிறைய இலை போட்டு, அரை நிமிடம் அரை நிமிடமாக ஆறு முறை ஊற்றிக் குடித்தோம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் நன்றாக இருந்தன.

இனி பால் விவகாரம். ஆகஸ்ட் கூட்டத்தில் அசாம் இலை. உறுப்பினர் ஒருவர் வீட்டிலிருந்து காய்ச்சிய பால் கொண்டுவந்துவிட்டார். பால் ஊற்றினால் சங்கத்தின் நோக்கமே கெட்டுவிடும் என்று ஒரு சாரார். பாலில்லாத டீ நோயாளிக்கு என்று இன்னொரு சாரார். ராஜினாமா வரை பேச்சு போனது. வேதியியல் ஆசிரியர்தான் மறுபடியும் காப்பாற்றினார். பாலில் உள்ள கேசீன் புரதம் டீயின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே துவர்ப்பு மிகுந்த அசாமுக்குப் பால் பொருந்தும், மெல்லிய டார்ஜிலிங்கில் ஊற்றினால் இருப்பதும் போய்விடும் என்று விளக்கினார். முதல் கோப்பை எல்லோருக்கும் பாலில்லாமல், இரண்டாவது கோப்பை அவரவர் விருப்பம் என்று தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்கு மீதமிருந்த பாலில்லாத டீ ஆறி, கலங்கி, மேகம் போட்டது. கெட்டுப்போச்சு என்று கொட்டப் போனார்கள். நல்ல திடமான டீ ஆறும்போது அப்படித்தான் கலங்கும், சூடுபடுத்தினால் தெளிந்துவிடும். வியாபாரத்தில் இதை நல்ல அடையாளமாகவே பார்க்கிறார்கள்.

சுவை பார்ப்பவர்கள் டீயைச் சர்ரென்று உறிஞ்சித் துப்ப வேண்டும். உறிஞ்சும்போது காற்றோடு சேர்ந்து மூக்குக்குள் மணம் ஏறும். நாக்கு மட்டும் போதாது. சத்தம் போட்டுக் குடிக்காதே என்று பிள்ளைகளைத் தலையில் தட்டி வளர்த்தவர்கள் நாம், முதல் இரண்டு கூட்டம் கூச்சமாகத்தான் இருந்தது. துப்புவதற்கு ஒரு உறுப்பினர் பாட்டி காலத்துப் பித்தளைப் படிக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குச் சங்கத்தின் தனி நன்றி. ஆனால் யாரும் துப்புவதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். காசு கொடுத்து வாங்கியதாம்.

இப்போது செயலாளரின் ஒப்புதல் வாக்குமூலம். டார்ஜிலிங் இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதன் முதல் பறிப்பு, மார்ச், ஏப்ரலில் வருவது, 100 கிராம் வாங்கினோம். ஆண்டிலேயே அதிக விலை கொடுத்தது அதற்குத்தான். கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்ததால் என் வீட்டில் வைத்திருந்தேன். காகித உறையில், சமையலறை அலமாரியில், பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில். தேயிலை பஞ்சு மாதிரி. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். சீனாவில் மல்லிகைப் பூவைத் தேயிலையோடு கலந்து வைத்து மல்லிகைத் தேநீர் செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான். எனக்கு இது தெரியாமல் இல்லை; இதே சங்கத்தில் நானே பேசியிருக்கிறேன். அன்று கிண்ணத்தின் மூடியைத் திறந்ததும் தலைவர் என்னைப் பார்த்தார். “ரசமா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இனி எல்லா இலையும் மூடி இறுகிய தகர டப்பாவில், சமையலறைக்கு வெளியே, வெளிச்சம் படாமல் வைக்கப்படும் என்று நானே முன்மொழிந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழியும்போது யாரும் சிரிக்கவில்லை என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். அது உண்மை அல்ல.

ஜனவரியில் குன்னூர் பயணம். மலை ரயிலில் இடம் கிடைக்கவில்லை, வேனில் போனோம். நீலகிரித் தேயிலைக்கு டிசம்பரிலிருந்தே நல்ல காலம். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடும். ஒரு தொழிற்சாலையில் அனுமதி வாங்கியிருந்தோம். இரவெல்லாம் காற்றோட்டத்தில் வாடிக்கிடந்த இலையின் வாசம் படியேறும்போதே வந்தது. ஒரு கிலோ டீக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். நசுங்கிய இலை காற்றுப் பட்டுப் பச்சையிலிருந்து செம்பு நிறமாக மாறுவதை அங்கே ‘பெர்மண்டேஷன்’ என்கிறார்கள். மாவு புளிப்பது போல நுண்ணுயிர் வேலை அல்ல அது. நறுக்கிய ஆப்பிள் கறுக்கிறதே, அந்த மாதிரி. தரம் பிரிக்கும் சல்லடை அருகே ஒரு உறுப்பினர் ‘ஆரஞ்ச் பீக்கோ’ என்ற பலகையைப் பார்த்து, ஆரஞ்சு வாசம் வரவில்லையே என்று கையில் அள்ளி முகர்ந்துகொண்டே இருந்தார். அது பழம் அல்ல. இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்லும் தரப்பெயர்.

அங்கே நம் வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்தோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அது 94-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. கோவையில் 98-க்கு மேல் காட்டும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும் என்று ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் புதிது வாங்கும் யோசனையைக் கைவிட்டோம். குன்னூரில் குடித்த டீ மாதிரி வீட்டில் வருவதில்லை என்று சொல்பவர்கள், தண்ணீரை ஒரு முறை ஆற்றி ஊற்றிப் பாருங்கள்.

மதியம் தோட்டத்து ஓரத்தில் ஓய்வு பெற்ற தொழிலாளி அம்மா ஒருவரைச் சந்தித்தோம். இலங்கையில் பதுளைப் பக்கம் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தவர். அவர்களைப் போல வந்தவர்களுக்காக அரசு தொடங்கிய தோட்டங்களில் கொழுந்து பறித்திருக்கிறார். நாம் வாங்கி வைத்திருந்த டீயை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, “இதுல முத்தின இலை கெடக்கு தம்பி, காசு அதிகமா குடுத்துட்டீங்க” என்றார். பொருளாளர் அதே பையிலிருந்து மீண்டும் டீ போட்டுக் கொடுத்தபோது எங்கள் எல்லோருக்கும் அந்தக் கரகரப்பு தெரிந்தது. அதுவரை தெரியவில்லை. என்ன டீ குடிப்பீர்கள் என்று அவரைக் கேட்டோம். டஸ்ட் தூள்தான், பாலில்லாமல், சர்க்கரை தூக்கலாக. நல்ல இலையைப் பறித்தவர்கள் அதைக் குடித்ததில்லை என்பதில் புதிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் திரும்பி வரும்போது வேனில் யாரும் அதிகம் பேசவில்லை. அவருக்கு நம் சார்பில் கால் கிலோ முழு இலை, முத்தல் பொறுக்கி எடுத்தது, அனுப்பினோம். இந்தச் செலவுக்கு முன் அனுமதி வாங்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

கணக்கு விவரம் பொருளாளர் படிப்பார். சந்தாவில் ஆறு பேர் பாக்கி. தராசு, வெப்பமானி, ஒரே மாதிரியான பன்னிரண்டு வெள்ளைக் கோப்பைகள் ஆகியவை சங்கத்தின் சொத்து. ஒரு கோப்பை உடைந்தது. கையிருப்பு ரூ. 2,140.

வரும் ஆண்டுக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, இலங்கையின் ஊவா இலையும் நுவரெலியா இலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பது. ஊவாவின் நல்ல பருவம் ஜூலையிலிருந்து செப்டம்பர், ஆகவே அக்டோபர் கூட்டத்துக்கு வைக்கலாம். இரண்டு, தூர நாட்டு இலைக்குச் செலவிடுவதில் பாதியையாவது குன்னூர், கோத்தகிரிச் சிறு விவசாயிகள் கையால் செய்யும் இலைக்குத் திருப்புவது. இதில் தலைவருக்கு மாற்றுக் கருத்து உண்டு, அவர் பேசுவார்.

கடைசியாக ஒன்று. அந்த டார்ஜிலிங்கில் இன்னும் 70 கிராம் மிச்சம் இருக்கிறது. இதை இருப்பில் காட்டுவதா, சேதத்தில் காட்டுவதா என்று தணிக்கையாளர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவை முடிவு சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்