சுறாவை விடு, அப்பனைப் பற்றிக் கேள்

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. சென்னிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, தொலைந்த மகனைத் தேடிப் போகும் ஒரு மீனின் கதையான 'ஃபைண்டிங் நீமோ' அனிமேஷன் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, மோதல் எது, மையக்கரு எது, உத்திகள் எவை என்று கேட்கப் போகிறாய். நல்ல காரியம். ஆனால் முதல் கேள்விக்கு நீயே எழுதி வைத்திருக்கும் விடை எனக்குச் சம்மதமில்லை. 'சிறிய மீனுக்கும் பெரிய கடலுக்கும் நடக்கும் போராட்டம்' என்கிறாய். இது நோட்ஸ் புத்தகத்து விடை. படம் பார்க்காதவனும் இதை எழுதிவிடுவான்.

இந்தக் கதையில் எதிரி யார் என்று தேடிப் பார். சுறாக்கள் மீன் தின்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு கூட்டம் போடுகின்றன. ரத்த வாடை பட்டதும் ஒன்று புத்தி கெடுகிறது, அவ்வளவுதான். சொறிமீன் கூட்டத்துக்கு யார்மீதும் பகை கிடையாது. குட்டி மீன் நீமோவைப் பிடித்துப் போகும் சிட்னி பல் மருத்துவர்கூட, சாகக் கிடந்த குட்டியைக் காப்பாற்றியதாகத்தான் நம்புகிறார். வில்லனே இல்லை. எல்லாரும் வந்து போகிறார்கள். முதல் காட்சியிலிருந்து கடைசி வரை கூடவே வருவது நீமோவின் அப்பன் மார்லினின் பயம் ஒன்றுதான்.

அந்தப் பயம் எங்கே பிறந்தது என்பதைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. சீலா மீன் பாய்கிறது. மனைவியும் நானூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளும் போய், ஒரே ஒரு முட்டை மிஞ்சுகிறது. உனக்கு ஒன்றும் நேர விடமாட்டேன் என்று அந்த முட்டையிடம் வாக்குக் கொடுக்கிறான். பிற்பாடு பள்ளிக்கூடத்தின் முதல் நாளில் பின்னாலேயே வந்து, கூட்டாளிகள் முன்னால், 'உன்னால் முடியாது' என்று திட்டுகிறான். அந்த வீம்பில்தான் பையன் படகை நோக்கி நீந்துகிறான். மகனைப் பறிகொடுக்க வைத்தது எது? காப்பாற்றத் துடித்த அதே துடிப்பு. இந்த ஒரு முடிச்சை உன் பிள்ளைகள் பிடித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

2003-இல் வந்த இந்தப் படத்தை இயக்கிய ஆண்ட்ரூ ஸ்டாண்டன், தம் சின்ன மகனைப் பூங்காவுக்கு அழைத்துப் போனதைச் சொல்லியிருக்கிறார். மனம் முழுக்கப் பாசம். வாயிலிருந்து வந்ததோ 'அதைத் தொடாதே, அங்கே விழுந்துவிடுவாய்' என்பது மட்டும். கீழ்பவானி வாய்க்கால் கரையில் குடியிருக்கும் எந்த அப்பனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். உன் மாணவர்களில் பலர் கடலைப் பார்த்ததில்லை என்று கவலைப்பட்டாயே, தேவையே இல்லை. நம் ஊர்க் கிணற்றில் மிதப்பதற்காக முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூட்டைக் கட்டி நீச்சல் பழக்குவார்கள். அதை அவிழ்க்கும் நாள் எது என்று படியில் நிற்கிற அப்பனுக்குத்தான் தெரிய வேண்டும். மார்லின் அவிழ்க்க மறுக்கிற அப்பன்.

அவனுக்கு நேர் எதிராகப் பல் மருத்துவரின் கண்ணாடி மீன் தொட்டிக்குள் ஒருவன் இருக்கிறான், கில். நீமோவைப் போலவே அவனுக்கும் துடுப்பு பழுது. வந்த அன்றே குழாயில் சிக்கிக்கொண்ட நீமோவுக்கு யாரும் உதவக்கூடாது என்று தடுத்து, 'நீயாகவே வெளியே வா' என்கிறான். பையனும் வந்துவிடுகிறான். இது வரை கில்தான் நல்ல அப்பன் என்று தோன்றும். அடுத்து என்ன செய்கிறான் பார்: தான் தப்பிக்கப் போட்ட திட்டத்துக்காகக் குழந்தையை வடிகட்டி இயந்திரத்துக்குள் அனுப்பி, உயிரே போக இருக்கிறது. ஒருவன் விடவே மாட்டான். மற்றவன் நேரம் பார்க்காமல் விடுகிறான். இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல். 'பிள்ளைகளைச் சுதந்திரமாக விட வேண்டும்' என்று ஒற்றை வரியில் மையக்கரு எழுதுகிறவனுக்கு முழு மதிப்பெண் கொடுக்காதே.

மார்லினோடு கூடவே தேடிப் போகும் மறதிக்கார மீன் டோரியை வெறும் நகைச்சுவைப் பாத்திரம் என்று ஒதுக்கியிருக்கிறாய். எனக்கு வருத்தம்தான். மார்லினால் ஒரு நாளை மறக்க முடியவில்லை. டோரியால் ஒரு நிமிடத்தை நினைவில் வைக்க முடியவில்லை. இந்த இருவரையும் ஒரே பயணத்தில் பூட்டியதுதான் கதையமைப்பின் கெட்டிக்காரத்தனம். பிள்ளைக்கு ஒன்றுமே நேர விடாவிட்டால் அவன் வாழ்க்கையில் ஒன்றுமே நேராதே என்று மார்லினிடம் கேட்பவள் அவள்தான். தொல்காப்பியம் நடத்துகிறவள் நீ. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று கரும்பலகையில் எழுதியிருப்பாய். அது தலைவியின் இரங்கல், இது தகப்பனின் இரங்கல். இங்கேயும் கடல் வெறும் பின்னணித் திரை அன்று என்று காட்டிவிடலாம்.

எனக்கு மிகப் பிடித்த உத்திக்கு வருகிறேன். மார்லின் தன் கதையைக் கடலாமைக் குட்டிகளிடம் சொல்கிறான். குட்டி சின்ன மீனிடம் சொல்கிறது. அங்கிருந்து பெரிய மீன்கள், சிங்கி இறால், டால்பின், பறவைகள் என்று வாய்மாறிப் போய்க் கடைசியில் ஒரு கூழைக்கடா அதை நீமோவின் சன்னலுக்குக் கொண்டுவருகிறது. (கூழைக்கடாவை வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயத்தில் பார்த்த பிள்ளைகள் கை தூக்குவார்கள், பேச விடு.) உடுக்கையடித்து இரவிரவாக அண்ணமார் கதை பாடுவதைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது, ஊருக்கு ஊர் கதை எப்படி வளரும் என்று நமக்குத் தெரியும். கோழையான அப்பன், தான் துணிவதற்கு முன்பே ஊர் வாயில் வீரனாகிவிடுகிறான். என் அப்பாவா, சுறாவோடு மோதினாரா என்று கேட்ட பையன், உடனே திரும்பிப் போய், முன்பு உயிரையே வாங்கப் பார்த்த அந்த வடிகட்டியில் கல்லைச் செருகுகிறான். கதைக்குள் சொல்லப்படும் கதை, கதையையே நகர்த்துகிறது. அப்பனும் மகனும் சந்திக்காமலேயே ஒருவரை ஒருவர் மாற்றுகிறார்கள்.

முரண்கள் நிறைய உண்டு, இரண்டு மட்டும் சொல்கிறேன். மார்லின் இனத்துக்குக் கோமாளி மீன் என்று பெயர், ஆனால் அவனுக்கு ஒரு நகைச்சுவைத் துணுக்கை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. கடைசியில் சொல்லி முடிக்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். மாறிவிட்டான் என்பதற்கு வேறு வசனம் தேவைப்படவில்லை. இன்னொன்று, தப்பிப்பதற்காக நீமோ செத்தவன்போல நடிக்கிறான். தந்தை வந்து பார்க்கும் நேரமும் அதுவே. பிழைக்கப் போட்ட நாடகம் அப்பனின் நெஞ்சைப் பிளக்கிறது. நாம் உண்மை அறிந்தவர்கள், அவன் அறியாதவன்.

குறை இல்லாத படம் இல்லை. அம்மாவைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டுக் கதையை ஆரம்பிக்கும் வழக்கம் அனிமேஷன் படங்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அப்புறம், எல்லாச் சாக்கடையும் கடலுக்குத்தான் போகும் என்று கில் சொல்லும் இடத்தில் உன் வகுப்பு சிரிக்கும். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் வழியாக வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை அவர்களுக்கு எட்டும் தூரத்தில்தானே இருக்கிறது!

முடிவுக் காட்சியைத் தவறவிடாதே. வலையில் டோரியும் மீன் கூட்டமும் சிக்குகின்றன. உள்ளே போகிறேன் என்கிறான் நீமோ. மார்லின் முதலில் மறுக்கிறான், பிறகு விடுகிறான். பள்ளி வாசலில் தோற்ற அதே தேர்வு, இம்முறை வினாத்தாள் கடினம். அதற்குப் பிறகு, தொட்டி மீன்கள் ஒருவழியாகக் கடலில் வந்து விழுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் கட்டிய நெகிழிப் பைக்குள். 'இனி என்ன?' என்று ஒன்று கேட்கிறது.

உன் மூன்றாவது கேள்வியை எடுத்துவிட்டு, அந்தப் பை மீன்கள் அடுத்து என்ன செய்யும் என்று ஒரு பக்கம் எழுதச் சொல். திருத்துவதற்கு முன் தாள்களை எனக்கு அனுப்பு. கோபிக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா