‘ஒரிஜினல்’ என்று விளம்பரம் செய்பவர்கள் மற்றிக்ஸ் இலக்கத்தையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஆங்கில இசைத்தட்டுகள் விற்பனைக்கு என்ற சிறு விளம்பரங்கள் இப்போது திருகோணமலையிலிருந்தும் வருகின்றன. அவற்றில் 1970களின் றொக் லைவ் அல்பங்களுக்கே (கச்சேரியில் நேரடியாகப் பதிவானவை) கிராக்கி அதிகம். ‘ஒரிஜினல் பிரஸிங், 1970’, அதாவது அல்பம் வெளியானபோதே அழுத்திய தட்டு, என்று போட்டிருப்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் உறையின் பின்பக்கத்தில் அச்சிட்ட ஆண்டைக் காட்டுவார்கள். அது அல்பம் வெளியான ஆண்டு. இருபது வருடம் கழித்து அழுத்திய மறுபதிப்பிலும் பெரும்பாலும் அதே ஆண்டுதான் இருக்கும். அதை நம்பி ஒரிஜினல் விலை கொடுப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தட்டு எந்தக் காலத்தது என்பதை லேபிளுக்கும் கடைசிப் பாட்டின் முடிவுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தில்தான் தேட வேண்டும். ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் கையால் கீறிய அல்லது முத்திரையாகக் குத்திய எழுத்துகள் தெரியும். அதுதான் மற்றிக்ஸ் இலக்கம். இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தின் ஆலையில் அழுத்திய தட்டுகளில் அட்டவணை எண்ணை (அல்பத்துக்கு நிறுவனம் கொடுத்த எண்) அடுத்து ‘ஏ-1யூ’, ‘பி-2யூ’ என்று வரும். முதலெழுத்து தட்டின் பக்கத்தையும், இலக்கம் அந்தப் பக்கத்தின் ஒலிக்கோடு நாடாவிலிருந்து எத்தனையாவது முறை வெட்டப்பட்டது என்பதையும் காட்டும். அந்த எழுத்துகள் ஆறு மணி நிலையில் இருக்கத் தட்டைப் பிடித்தால், ஒன்பது மணிப் பக்கம் தாய்த்தகட்டின் எண்ணும் மூன்று மணிப் பக்கம் அச்சுத்தகட்டின் குறியும் தெரியும். அச்சுத்தகடு என்பது தட்டுகளை அழுத்தும் உலோகத் தகடு; அதை எடுப்பது தாய்த்தகட்டிலிருந்து. குறியில் ஜீ என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5. ஆகவே ‘ஆர்ஓ’ என்றிருந்தால் அது 25ஆவது அச்சுத்தகடு. சிறிய இலக்கங்கள் பொதுவாக ஆரம்பகாலத்துத் தட்டைக் குறிக்கும்.

இது வெறும் சேகரிப்புப் பெருமைக்கான விடயமல்ல. அச்சுத்தகடு அழுத்த அழுத்தத் தேயும். மறுபதிப்புகள் பலவும் பிரதியெடுத்த நாடாவிலிருந்து, சில வேளை பிரதியின் பிரதியிலிருந்து வெட்டப்படுகின்றன. அப்போது முதலில் மங்குவது சிம்பலின் ஓசையும் கைதட்டலும் மண்டபத்தின் எதிரொலியும். ஸ்ரூடியோ அல்பத்தில் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். லைவ் அல்பத்தில் அவை போனால் கச்சேரியே போய்விடுகிறது.

த ஹூ குழுவின் ‘லைவ் அற் லீட்ஸ்’ஐ எடுத்துக்கொள்வோம். 1970 பெப்ரவரி 14இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பதிவாகி அதே ஆண்டு மே மாதம் வெளியானது. இங்கிலாந்துப் பதிப்பின் அட்டவணை எண் ட்ரக் நிறுவனத்தின் 2406 001. மண்ணிறச் சாதாரண அட்டையில் ரப்பர் முத்திரை குத்தியதுபோல் பெயர் இருக்கும். கறுப்பு எழுத்துதான் முதலில் வந்தது, கிடைப்பது மிக அரிது. நீலமும் சிவப்பும்தான் பரவலாகக் காணக் கிடைப்பவை. உள்ளே ஒரு பையில் தட்டும் மறு பையில் பழைய கடிதங்கள், பற்றுச்சீட்டு, சுவரொட்டி முதலியவற்றின் நகல்கள் 12உம் இருக்க வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். குறையக் குறைய விலையும் இறங்க வேண்டும். பாடல்கள் ஆறுதான். அதற்கு மேல் இருந்தால் அது 1995இலோ அதற்குப் பிறகோ வந்த விரிவாக்கப் பதிப்பு.

இந்தத் தட்டில் ‘கிறீச், படபட’ என்ற சத்தம் கேட்டதும் கீறல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நாடாவிலேயே பதிவான சத்தம். படபடப்பு இருப்பது சரிதான், திருத்த வேண்டாம் என்று லேபிளிலேயே கையெழுத்தில் குறிப்பு உண்டு. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன். ‘டக்’ என்ற ஒலி அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் கீறல். ஒழுங்கில்லாமல் வந்தால் நாடாவின் சத்தமாகவோ தூசியாகவோ இருக்கும். தட்டைக் கழுவிவிட்டு மறுபடி கேட்டால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் பக்க வரிசை. 1970இல் வந்த மூன்று தட்டு ‘வுட்ஸ்டொக்’ தொகுப்பில் (கொற்றிலியன் நிறுவனத்தின் எஸ்டி 3-500) 1ஆம் பக்கத்தின் மறுபுறம் 6, 2இன் மறுபுறம் 5, 3இன் மறுபுறம் 4 என்று இருக்கும். தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து பாடும் பிளேயர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. தட்டு மாறிவிட்டதென்று திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

உறையில் பார்கோட் இருந்தால் 1970களின் முற்பாதித் தட்டாக இருக்க முடியாது. பாரமான தட்டுத்தான் பழையது என்ற நம்பிக்கையும் தவறு. 180 கிராம் என்று பெருமையாக ஒட்டியிருப்பவை பிற்கால மறுபதிப்புகள். 70களின் தட்டுகள் பல சமையலறைத் தராசில் 150 கிராமைக்கூடத் தொடாது.

வாங்குமுன் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உட்பக்கம் போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைவதால் அலைகள் நெருக்கமாகிவிடும். தேய்ந்த ஊசியால் ஓட்டிய தட்டு அங்கேதான் முதலில் கரகரக்கும். டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’ (1972) நாலாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, கிட்டத்தட்ட இருபது நிமிடம். அதன் முடிவு சுத்தமாகக் கேட்டால் தட்டை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

நம் ஊரில் இவற்றைப் பாதுகாப்பது கொஞ்சம் சிரமம்தான். மாரியில் உறைகளில் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் காலத்து வெக்கையில் பி.வி.சி. மேலுறைகள் கசிந்து தட்டில் வெண்மையான படலத்தை விட்டுவிடும், அது கழுவினாலும் போகாது. பொலித்தீன் உறையே நல்லது. தட்டுகளை நேராக நிறுத்தி, மேற்குச் சுவருக்கும் கறையானுக்கும் எட்டாமல் வையுங்கள். பூஞ்சணத்துக்கு நாலு பங்கு காய்ச்சி வடித்த நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் அற்ககோல் போதும். மென்துணியால் கோடு போகும் திசையிலேயே, லேபிள் நனையாமல் துடைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் கோடுகளுக்குள் உப்புப் படியும். 78 வேகத்து அரக்குத் தட்டுகளை இந்தக் கலவை கரைத்துவிடும், அவற்றில் ஒரு துளியும் படக்கூடாது.

எனவே விளம்பரம் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அட்டவணை எண்ணையும் இரு பக்கங்களின் மற்றிக்ஸ் இலக்கங்களையும், உள்ளிணைப்புகள் எத்தனை இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு வரிதான் கூடும். தங்கள் பத்திரிகையின் விளம்பரப் பகுதியும் இந்த விபரங்களைக் கேட்டுப் பெற்றால் வாங்குவோருக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
இசைத்தட்டு ஆர்வலர்,
உவர்மலை, திருகோணமலை.