கொலுசுச் சத்தமும் ரேடார் பல்ஸும்

சேலம், செவ்வாய்ப்பேட்டை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அப்பா எழுந்து நடக்கிறார் என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் நலம்.

என் மாணவியின் ரேடார் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். வந்து விழும் பல்ஸ்களை, அதாவது ரேடார் விட்டுவிட்டு அனுப்பும் ரேடியோ அலைத் துடிப்புகளை வைத்து, அனுப்புவது எந்த ரேடார் என்று சொல்ல வேண்டும். அலைவெண், பல்ஸின் அகலம், பல்ஸுக்குப் பல்ஸ் இடைவெளி, வீச்சு (வந்து சேரும் பல்ஸின் வலிமை) என்று எடுத்து, எது நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என மதிப்பெண் போட்டாள். வீச்சு முதலில் வந்தது. எனக்கு உறுத்தியது. பார்த்தால், அவள் உருவாக்கிய தரவில் ஒவ்வொரு ரேடாரும் நின்ற இடத்திலேயே நிற்கிறது! தூரத்தை மாற்றினோம், கணிப்பு சரிந்துவிட்டது.

உடனே உன் பாட்டி ஞாபகம் வந்தது. கண் மங்கிய பிறகும் திண்ணையில் உட்கார்ந்தபடி, கொலுசுச் சத்தத்தில் வருவது யார் என்று சொல்வாரே. கிட்டே வந்தால் யார் கொலுசும் பெரிதாகத்தான் கேட்கும். பாட்டி பிடித்துக்கொண்டது நடையின் தாளத்தையும் சலங்கையின் ஓசையையும்.

ரேடாரில் அந்தத் தாளம் பல்ஸ் இடைவெளி. அடுத்த பல்ஸ் கிளம்புமுன் முந்தையதின் எதிரொலி திரும்பிவிட வேண்டுமே; இடைவெளி 1 மில்லி விநாடி என்றால் 150 கிலோமீட்டர் வரை குழப்பமில்லாமல் தூரம் அளக்கலாம். ஆக, எதற்காகச் செய்த ரேடார் என்பதே அதில் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் ஒரு பல்ஸ் தவறினால் இடைவெளி இரட்டிப்பாகக் காட்டும். அதனால் சராசரியை விட்டு இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பை எடுக்கச் சொன்னேன். சில ரேடார்கள் வேண்டுமென்றே இடைவெளியை மாற்றும். அங்கே மாறும் விதம்தான் அடையாளம். அலைவெண்ணை மட்டும் நம்ப முடியாது. கப்பல் ரேடார்களில் பல 9410 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குகின்றன.

அப்புறம், இடைவெளியும் விநாடிக்கு எத்தனை பல்ஸ் என்பதும் பட்டியலில் அடுத்தடுத்து நின்றன. ஒன்றின் தலைகீழ்தானே மற்றது? ஒன்றை நீக்கிவிட்டு, மதிப்பெண் குறைந்திருந்த இன்னொன்றைச் சேர்த்தோம்: ஒரு பல்ஸுக்குள்ளேயே அலைவெண் ஏறுகிற விதம். அதுதான் சலங்கை ஓசை. தாளம் ஒன்றாகவே இருந்த இரண்டு ரேடார்கள் சட்டென்று பிரிந்தன. அவளுக்கும் எனக்கும் அன்று தூக்கமே வரவில்லை.

அடுத்து இரைச்சலைக் கூட்டிக்கூட்டி, எந்தப் பண்பு கடைசிவரை தாங்குகிறது என்று பார்க்கப்போகிறோம். பங்குனியில் மழை விழுந்தால் ஏற்காட்டில் காபி பூக்கும். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வா. முடிவுகளை அங்கேயே காட்டுகிறேன்.

உன்,
செல்வம்