குட்டிக்கானம் இறக்கத்தில் உடன் வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆடி மாதம் வண்டிப்பெரியாற்றில் எங்கள் லயத்து வீட்டில் அப்பா இரத்த வாந்தி எடுத்த இரவு தொடங்கித் துணை நின்ற அனைவருக்கும், அம்மாவின் சார்பிலும் தங்கையின் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் பார்த்த இடத்தில், வயிற்றை அழுத்திப் பார்த்து மண்ணீரல் வீங்கியிருப்பதை அறிந்ததுமே "குடிப்பழக்கம்" என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். 32 ஆண்டுகள் கொழுந்து மூட்டை சுமந்தவர், ஒரு சொட்டும் தொட்டறியாதவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோட்டயத்தில் அந்தச் சீட்டை நம்பாமல் இரத்த அறிக்கையை மறுபடியும் படித்த இளம் மருத்துவருக்கே என் முதல் நன்றி. குடியால் கல்லீரல் கெட்டு மண்ணீரல் பெருத்தவருக்கு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும், இவருக்கு ஏன் 6 லட்சத்துக்கு மேல் இருக்கிறது என்று அவர் கேட்ட பிறகுதான் ஸ்கேனும், ஜாக்-2 மரபணுச் சோதனையும் நடந்தன. எலும்பு மஜ்ஜையில் தட்டணுக்கள் அளவுமீறிப் பெருகும் நோயால் மண்ணீரல் சிரையில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. போக வழியில்லாத இரத்தம் இரைப்பையின் மேற்பகுதிச் சிரைகளுக்குள் திரும்பி, அவற்றைப் புடைக்கவைத்து, ஒன்றை வெடிக்கவும் வைத்திருக்கிறது. உறைவதே நோயாக இருந்தவர் இரத்தம் கொட்டித் துவண்டார் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

வெடித்த சிரைக்குள், இரத்தம் பட்ட நொடிகளில் இறுகிவிடும் பசை மருந்தை எண்டோஸ்கோபி வழியாகச் செலுத்தி அடைத்த மருத்துவக் குழுவினருக்கும், இரவெல்லாம் நாடி பார்த்த செவிலியர் சேச்சிகளுக்கும் நன்றி.

இரத்தம் கொடுக்க எஸ்டேட்டிலிருந்து வந்த 6 தம்பிகளும் என்னைப் பொறுத்தருள வேண்டும். இன்னும் ஏற்றுங்கள் என்று நான் அழுதபோதும், அளவுக்கு மீறி ஏற்றினால் சிரைகளில் அழுத்தம் கூடி மீண்டும் கசியும் என்று மருத்துவர்கள் மறுத்து, ஹீமோகுளோபின் 7-க்கு மேல் வந்ததும் 2 பாட்டிலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கசிவு நின்றது உறுதியான பின்பே இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத் தொடங்கினார்கள். தட்டணுக்களைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியாவை அப்பா நாள்தோறும் உட்கொள்கிறார்.

மூடுபனியில் குட்டிக்கானம் இறக்கத்தை நிதானமாகக் கடந்து கோட்டயம் சேர்த்துவிட்டு, வாடகையும் வாங்க மறுத்த ஜீப் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள்: பின்சீட்டு உறையில் படிந்த கறை துவைத்தும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். புதிய உறை தைக்கக் கொடுத்திருக்கிறோம். அதையாவது வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.