கொழிஞ்சியை விட்டுவையுங்கள்: ஊராட்சி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சி நிர்வாகத்தில் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஏரிக்கரையையும் வாய்க்கால் ஓரங்களையும் சுத்தம் செய்வது நல்ல வேலை. சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்குங்கள், யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை. ஆனால் ஜேசிபி வாளி தரையோடு தரையாகச் சுரண்டும்போது, வயலுக்குத் தழையுரமாகும் கொழிஞ்சிச் செடியும் சேர்ந்து போகிறது. வாளி எட்டாத இடத்தில் களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடுகிறார்கள். அதை நிறுத்தச் சொல்லவே இந்த மடல்.

முழங்கால் உயரத்தில், ஊதாப் பூவும் தட்டைக் காயுமாக நிற்கும் இந்தச் செடியைப் பார்க்காத ஊர்க்காரர் இருக்க முடியாது. மாடு விரும்பி மேயாது என்பதாலேயே பலர் இதைக் களைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். காற்றிலிருக்கும் நைட்ரஜனை அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அந்த நிறமே அடையாளம். யூரியா மூட்டைக்குக் காசு கொடுத்து நாம் வாங்குவதும் இதே தழைச்சத்தைத்தான்.

தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொழி உழவு முடிந்த வயலில் கொழிஞ்சித் தழையைப் பரப்பிக் காலால் மிதித்துவிட்டு நடவு நட்ட பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். பசுந்தாள் உரத்துக்கென்று தக்கைப்பூண்டு விதையையும் சணப்பு விதையையும் அரசு மானியத்தில் கொடுக்கிறது. வரவேற்கிறேன். அதே நேரத்தில், யாரும் விதைக்காமல், தண்ணீர் பாய்ச்சாமல் கரையில் தானாக வளர்ந்து நிற்கும் தழையை அழிக்கவும் பொதுப்பணம் செலவாகிறதே, இது என்ன நியாயம்?

இதன் விதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் சுலபத்தில் உள்ளே இறங்காது. விதைக்க நினைப்பவர்கள் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து விதைப்பார்கள். தானாக உதிரும் விதை கோடை முழுக்க மண்ணில் கிடந்து, மழை விழுந்த பிறகே முளைக்கும். மேல்மண்ணைச் சுரண்டினால் அந்த விதைகளும் லாரி ஏறிவிடும். முளைத்தாலும் கொழிஞ்சி மெதுவாகத்தான் வளரும். வெறுமையாகக் கிடக்கும் இடத்தை அதற்குள் பார்த்தீனியம் என்னும் களை பிடித்துக்கொள்கிறது. பிடிமானம் இழந்த கரை மண் அடுத்த மழையில் சரிந்து, தூர்வாரிய வாய்க்காலிலேயே போய் விழுகிறது. மறுபடியும் தூர்வார வேண்டியதுதான்.

கரையில் கொழிஞ்சி நிற்கும் இடத்தில் இயந்திரம் வேண்டாம், ஆட்களை விட்டு அரிவாளால் அறுக்கச் சொல்லுங்கள். தரைக்கு நான்கு விரல் மேலே அறுத்தால் போதும். காய் முற்றி விதை உதிர்ந்த பிறகு அறுப்பது நல்லது. முன்கூட்டியே அறுத்தாக வேண்டிய கட்டாயம் என்றால், ஆங்காங்கே சில புதர்களையாவது விதைக்கு விடுங்கள். அறுத்த தழையைக் கொளுத்தாமல், கேட்கும் விவசாயிக்குக் கொடுத்துவிடுங்கள். நீர் ஓடும் வாய்க்காலின் கரையில் களைக்கொல்லி அறவே வேண்டாம்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அடுத்த தூர்வாரும் பணிக்கு மதிப்பீடு போடும்போது, எந்தக் கரையில் அரிவாள், எந்த இடத்தில் இயந்திரம் என்று பிரித்து எழுதுங்கள். ஒப்பந்தக்காரர் கையெழுத்திடும் தாளில் அது இருக்கட்டும்.

அன்புடன்,
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்